குதிரைக்கு வயித்துவலி, நமக்கென்ன?

 

இன்னிக்கு மேட்டர், குதிரைக்கு வர்ற வயித்துவலி. அந்த நோயைப் பத்தின ஆராய்ச்சிக்கு நாலு பேர்கிட்ட காசு சேர்க்கறது நியாயமா, வெட்டி வேலையா? தலைப்பைப் பார்த்து மொக்கைன்னு நம்பி வந்தவங்க மன்னிச்சுக்கோங்க, இது கொஞ்சம் சீரியஸ் பதிவு.

2023-ல ப்ராஜெக்ட் விஷயமா அமெரிக்காவுல, கென்டக்கி மாநிலம் லெக்சிங்டன்ல பத்து மாசம் பொட்டி தட்டினேன். ஊரைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் புல்வெளி, வேலி, குதிரை. கிளையன்ட் பக்கம் டெஸ்டிங் பார்த்துக்கிட்ட ஒரு அம்மா, அம்பத்தஞ்சு வயசு இருக்கும், பதினாலு வருஷமா ஒரு குதிரை வளர்த்தாங்க. பந்தயக் குதிரை எல்லாம் இல்ல, சாதாரணக் குதிரை. ஒரு திங்கக்கிழமை கண்ணெல்லாம் வீங்கி வந்தாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி குதிரைக்கு வயித்துவலி. குடல் முறுக்கிக்கிச்சு, ஆபரேஷன் பண்ணினா பத்தாயிரம் டாலருக்கு மேல ஆகும், பிழைக்கும்னு உத்தரவாதம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அவங்ககிட்ட அவ்வளவு காசு இல்ல. விடியறதுக்குள்ள ஊசி போட்டு அனுப்பி வெச்சுட்டாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு ஆபீஸ் சாப்பாட்டு ரூம்ல ஒரு கண்ணாடி ஜாடி, பக்கத்துல அவங்களே சுட்ட பிஸ்கட். 'குதிரைகளோட வயித்துவலி ஆராய்ச்சிக்கு'ன்னு ஒரு சீட்டு. பிஸ்கட் எடுத்துக்கிட்டு முடிஞ்சதைப் போடலாம்.

கூட வேலை பார்த்த நண்பன் காதைக் கடிச்சான். "மச்சி, நம்ம ஊர்ல மனுஷனுக்கே ஆஸ்பத்திரி செலவுக்கு உண்டி குலுக்குறாங்க. இங்க குதிரைக்கா?" நானும் சிரிச்சேன். ஒரு டாலர் போட்டு ரெண்டு பிஸ்கட் எடுத்தேன் (கணக்குல நாம எப்பவும் கெட்டி).

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட போன்ல இதை ஜோக்கா சொன்னேன். அவர் சிரிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, "நம்ம ராணியும் அப்படித்தான்டா போச்சு"ன்னார்.

எங்க தாத்தா பழனியில ஜட்கா வண்டி ஓட்டினவர். ராணிங்கறது அவரோட குதிரை, கடன் வாங்கி வாங்கினது. திருஷ்டி பட்டு செத்துப்போச்சுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். முழுக்கதையை அன்னிக்குத்தான் கேட்டேன். 1978 தைப்பூசம். மூணு நாள் ராப்பகலா சவாரி, நல்ல வரும்படி. மூணாம் நாள் ராத்திரி, "புள்ள நல்லா உழைச்சிருக்கு"ன்னு வழக்கமா வைக்கிற கொள்ளைப் போல ரெண்டு மடங்கு வெச்சிருக்கார் தாத்தா. விடியக்காலம் ராணி கீழ விழுந்து புரளுது. வேர்த்துக் கொட்டுது, வயித்தையே திரும்பித் திரும்பிப் பார்க்குது. ஓமம், பெருங்காயம் எல்லாம் கரைச்சு ஊத்தினாங்க, மந்திரிச்சாங்க. உச்சிவேளைக்கு முடிஞ்சுபோச்சு. கடன்ல பாதி பாக்கி. ஏழாவது படிச்சுக்கிட்டிருந்த அப்பா சைக்கிள் கடை வேலைக்குப் போனார். கண்ணு பட்டிருச்சுன்னுதான் தாத்தா சாகற வரைக்கும் நம்பினார்.

அதுக்கப்புறம் இந்த நோயைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். நம்ம ஊர்ல இதுக்கு சூலைன்னு பேரு. அப்பருக்கு வந்த அதே சூலை. அவருக்கு அக்காவும் பதிகமும் இருந்தது, குதிரைக்கு ரெண்டும் இல்ல.

குதிரையோட வயிறு ஒரு டிசைன் கோளாறு மாதிரி. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். உள்ள போனது சரியில்லைன்னா வாந்தி எடுக்கவும் முடியாது, ஒருவழிப் பாதை. பெருங்குடல் மூணு நாலு மீட்டர் நீளம், மடிச்சு மடிச்சு வெச்சிருக்கும், பெரும்பகுதி எதோடவும் கட்டாம தொங்கும். நடுவுல ஒரு இடத்துல சட்டுனு குறுகும். அங்க அடைச்சுக்கலாம், வாயு நிரம்பினா குடலே இடம் மாறலாம், முறுக்கிக்கலாம். தானியம் திடீர்னு அதிகமானா செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் நொதிச்சு வாயு கிளம்பும். மூணு நாள் ஓட்டத்துக்கு அப்புறம் ரெண்டு மடங்கு கொள்ளு. தாத்தா ராணியைக் கொன்னது பாசத்தாலயோன்னு எனக்கு ஒரு சந்தேகம். பரிசோதிக்காம உறுதியா சொல்ல முடியாது. ஆனா திருஷ்டியை விட இது நம்பற மாதிரி இருக்கு.

இப்போ காசு விஷயத்துக்கு வர்றேன்.

அமெரிக்க விவசாயத் துறை 1998-99-ல குதிரைகளை வெச்சு ஒரு பெரிய கணக்கெடுப்பு எடுத்தது. 100 குதிரைக்கு வருஷத்துக்கு 4.2 தடவை சூலை வருது. வந்ததுல 11 சதவீதம் சாவுல முடியுது. ஆபரேஷன் வரைக்கும் போனது வெறும் 1.4 சதவீதம். இந்தக் கடைசி நம்பரைக் கவனிங்க. ஆபரேஷன் தியேட்டருக்குக் குடுக்கற காசு அந்த 1.4-க்குத்தான் போகும். மீதி அத்தனைக்கும் உதவறது, வராம தடுக்கறது எப்படிங்கற அறிவுதான். அந்த அறிவுக்குத்தான் உண்டி குலுக்க வேண்டியிருக்கு.

ஆபரேஷனுக்குக் குடுத்தா ஒரு குதிரை பிழைக்கும். ஆராய்ச்சிக்குக் குடுத்தா ஒரு வரி கிடைக்கும். அந்த வரியை எத்தனை பேர் வேணும்னாலும் ஓசியில எடுத்துக்கலாம். நம்ம பாஷையில சொன்னா ஓப்பன் சோர்ஸ் :-)

எந்த மாதிரி வரி? தீனியை மாத்தினா மெதுவா, பல நாள்ல மாத்து. தீனி மாறின ரெண்டு வாரத்துக்குள்ள சூலை வர்ற வாய்ப்பு அதிகம்னு 1990-கள்ல டெக்ஸாஸ்ல எடுத்த ஆய்வுகள் சொல்லிச்சு. இது பழைய குதிரைக்காரங்களுக்கும் ஓரளவு தெரிஞ்சதுதான், ஆனா நோய் வந்த குதிரையையும் வராத குதிரையையும் ஒப்பிட்டு கணக்கா சொன்னது ஆராய்ச்சி. நாடாப்புழுவுக்கும் சூலைக்கும் தொடர்பு இருக்குன்னு 1998-ல லிவர்பூல் பல்கலைக்கழகத்துக்காரங்க காட்டினாங்க. கட்டையைக் கடிச்சுக் காத்தை முழுங்கற பழக்கம் இருக்கிற குதிரைக்கு ஒரு குறிப்பிட்ட வகை குடல் சிக்கல் வர்ற ஆபத்து அதிகம்னு கண்டுபிடிச்சதும் அங்கதான். ஜட்காக்காரர் காசு குடுத்து வாங்க வேண்டிய சமாச்சாரம் இதுல ரொம்பக் கம்மி.

சரி, இந்த வேலைக்குக் காசு தர்றது யாரு? மனுஷ நோய்க்கு ஒதுக்கற மாதிரி அரசாங்கங்கள் குதிரைக்கு ஒதுக்காது. அமெரிக்காவுல 1940-ல தொடங்கின கிரேசன் அறக்கட்டளை இன்னிக்கு கிரேசன்-ஜாக்கி கிளப் ஆராய்ச்சி அறக்கட்டளையா இருக்கு. 1948-ல வந்த மோரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் இருக்கு. எல்லாம் ஜனங்க குடுக்கற நன்கொடையை நம்பித்தான் ஓடுது. அது நின்னா என்ன ஆகும்னு இங்கிலாந்துல பார்த்தாச்சு. நியூமார்க்கெட் பக்கத்துல இருந்த அனிமல் ஹெல்த் டிரஸ்ட், 1942-ல தொடங்கினது, ராணி எலிசபெத்தே புரவலர். காசு இல்லாம 2020 ஜூலையில இழுத்து மூடிட்டாங்க. பல வருஷம் சேர்த்த அனுபவமும் ஆளுங்களும் திசைக்கு ஒண்ணா போயாச்சு.

ஜனங்க குடுக்க மாட்டாங்களா? குடுப்பாங்க, முகம் இருந்தா. பார்பாரோன்னு ஒரு குதிரை, 2006-ல கென்டக்கி டெர்பி ஜெயிச்சது. ரெண்டே வாரத்துல அடுத்த பந்தயத்துல கால் உடைஞ்சது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில எட்டு மாசம் போராடி, குளம்புக்குள்ள வர்ற லேமினைட்டிஸ் நோய் முத்தி, 2007 ஜனவரியில கருணைக்கொலை. அந்த எட்டு மாசமும் நாடே செய்தி பார்த்துக்கிட்டிருந்தது. அதனால லேமினைட்டிஸ் ஆராய்ச்சிக்கு அது பேர்லயே நிதி திரண்டது. நல்ல விஷயம். ஆனா சூலை எட்டு மாசம் எல்லாம் குடுக்காது. ராத்திரி வரும், விடியறதுக்குள்ள முடிச்சுடும். உலக சாதனை வெச்சிருந்த டோட்டிலாஸ் குதிரையே 2020 டிசம்பர்ல சூலையிலதான் போச்சு. ரெண்டு நாள் செய்தி, அவ்வளவுதான். அழறதுக்குக்கூட நேரம் குடுக்காத நோய்க்கு யாராவது ஒரு ஜாடியைத் தூக்கி மேசையில வெச்சாத்தான் உண்டு.

இனி நண்பன் கேட்ட கேள்வி: மனுஷனுக்கே இல்லாதப்போ குதிரைக்கா?

ஒரு சின்ன கதை. குதிரைகளோட குடல் ரத்தக்குழாய்க்குள்ள போய் அடைக்கிற ஒரு புழு ஒரு காலத்துல சூலைக்குப் பெரிய காரணமா இருந்தது. 1980-கள்ல ஐவர்மெக்டின் வந்ததும் அந்தக் கொடுமை வெகுவா குறைஞ்சது. இதே மருந்து குதிரையில இருக்கற இன்னொரு புழுவைக் கொல்றதைப் பார்த்துட்டு, அதோட சொந்தக்காரப் புழுதானே ஆப்பிரிக்காவுல மனுஷங்களோட கண்ணைப் பறிக்குதுன்னு வில்லியம் கேம்ப்பெல் யோசிச்சார். 1987-ல இருந்து அந்த மருந்து ஆற்றுக் குருட்டு நோய்க்கு இலவசமா போகுது. 2015-ல சடோஷி ஓமுராவோட சேர்ந்து அவருக்கு நோபல். குதிரைக்குப் பார்த்த வேலை குதிரையோட நிக்கல.

இன்னும் கிட்ட வரவா? நம்ம ஊர்ல பாம்பு கடிச்சா போடற விஷமுறிவு மருந்து எங்கேருந்து வருது? வடநெம்மேலியில இருளர் கூட்டுறவு சங்கத்துக்காரங்க நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்ல இருந்து விஷம் எடுக்கறாங்க. அதை மருந்துக் கம்பெனிகள் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஏத்தி, குதிரை ரத்தத்துல உருவாகிற எதிர்ப்புச் சத்தைப் பிரிச்சு எடுக்கறாங்க. வயக்காட்டுல கடிபட்ட ஒரு ஆள் பிழைச்சு வந்தா, அதுக்குப் பின்னாடி ஒரு குதிரை நிக்குது. அதுக்கும் அதே வயிறுதான்.

இதுக்காக யார் ஜாடி வெச்சாலும் கண்ணை மூடிட்டு போடுங்கன்னு சொல்லல. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: கண்டுபிடிச்சதை யாருக்குக் கொண்டுபோய் சேர்க்கறீங்க? ஆய்வு இதழ்ல வந்த வரி, செங்கல் சூளையில பாரம் இழுக்கற குதிரைக்காரர் காதுக்கு அவர் பாஷையில போகலைன்னா அது பாதி வேலைதான். சேர்க்கற நிதியில ஒரு பங்கை அதுக்குன்னு ஒதுக்கியே ஆகணும். இது என் கட்சி. மறுப்பு இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க.

கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்னு குதிரையைச் சொல்வாங்க. ஓடற குதிரை போட்டோவுக்கு லைக் போட்டுட்டு உண்டியைப் பார்த்ததும் பர்ஸை மூடற நம்மளைச் சொன்னாலும் பொருந்தும்.

மறுநாள் காலையில ஆபீஸ் போனதும் ஜாடியில இருபது டாலர் போட்டேன். பிஸ்கட் எடுக்கல. அந்த அம்மா ஆச்சரியமா பார்த்தாங்க. "எங்க வீட்லயும் ஒரு குதிரை இருந்துச்சு, பேரு ராணி"ன்னேன். கேட்டுட்டு, கணக்கு எழுதற நோட்டுல ராணி பேரையும் எழுதிக்கிட்டாங்க.

டிஸ்கி: அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணி கொள்ளு விஷயத்தைச் சொல்லிட்டேன். "உங்க தாத்தாவுக்குத் தெரியாம போனதும் நல்லதுதான்டா"ன்னார். அதை மட்டும் நான் இன்னும் ஒத்துக்கல.