ஊர் போய்ச் சேர எத்தனை மணித்தியாலம்?



அகாலத்தில் தொலைபேசி மணி ஒலிக்கின்றது. தாயோ தந்தையோ காலமாகிவிட்ட செய்தியை அடுத்து ஊரிலிருந்து வரும் கேள்வி ஒன்றேயாகும்: “எப்ப வந்து சேருவாய், தம்பி? அதுவரைக்கும் வைச்சிருக்கவோ?” பதற்றத்தில், “நாளைக்கு வந்திடுவன்” என்று கூறிவிடுகின்றோம். கொள்ளி வைக்க வேண்டியவருக்காக உற்றார் காத்திருக்க, சொன்ன நேரமோ பிழைத்துவிடுகின்றது. இவ்வாரம் அக்கணக்கைச் சற்று ஆறுதலாகப் பார்ப்போம்.

ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்திற்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையே, உலக உருண்டையின்மீது நூல் பிடித்து அளந்தால், ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் இதனைப் பதினைந்தரை மணித்தியாலங்களிற் பறந்துவிடலாம். ஆயினும், வழியில் எங்கேனும் இறங்கி விமானம் மாறவேண்டியுள்ளது. இலண்டன் வழியாகச் சென்றாலும் டுபாய் வழியாகச் சென்றாலும் மொத்தத் தூரம் 14,400 கிலோமீற்றர் அளவினதே. ஆகவே வழியினால் தூரம் பெரிதும் கூடுவதில்லை. நேரத்தை விழுங்குவது இடைநிலையத்துக் காத்திருப்பேயாகும். மலிவான சீட்டொன்றில் அது பத்து மணித்தியாலமாகவும் நீளக்கூடும்.

மாரிகாலத்து வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு ரொறன்ரோவிலிருந்து புறப்படுவதாகக் கொள்வோம். டுபாய்க்கு ஏறத்தாழ 13 மணித்தியாலம், அங்கு காத்திருப்பு 3, கொழும்புக்கு நாலரை. மொத்தம் இருபதரை. மாரியில் இலங்கை நேரம் பத்தரை மணித்தியாலம் முந்தியது, கோடையில் ஒன்பதரை. எனவே விமானம் தரைதொடும்போது அங்கே ஞாயிறு அதிகாலை 5 மணி. எமது சனிக்கிழமை முழுவதும் வழியிலேயே கழிந்துவிடுகின்றது.

பயணம் அத்துடன் முடிவதில்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்திற்குத் தரைவழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பொதிகளை எடுத்து வான் ஏறி வீட்டுப் படலையை அடைய ஞாயிறு பிற்பகலாகிவிடும். ஊராருக்குச் சொல்லவேண்டிய மறுமொழி, “ஞாயிறு பின்னேரம்” என்பதே. அதுவும் சீட்டு உறுதியான பின்னரே சொல்லத்தக்கது.

திரும்பும் பயணம் இன்னும் நீளும். மேல்வானிலே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் கடுங்காற்று, போகும்போது உந்திவிடுகின்றது; வரும்போது எதிர்த்து நிற்கின்றது. டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ 14 மணித்தியாலம் செல்லும். வேலைக்கு விடுப்புக் கேட்போர் இதனையும் கணக்கிற் கொள்ளுதல் நன்று.

கனடாவின் அகதிப் பயணப் பத்திரம், தப்பி வந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. அந்நாட்டுக்குத் திரும்பிப் போய்வருவது இங்குள்ள பாதுகாப்பு நிலையையே பறித்துவிடவும் கூடும். இந்நிலையிலுள்ளோர் சட்டத்தரணியிடம் கேளாது சீட்டெடுத்தல் ஆகாது. அத்தகையோரிடம் ஊரார் நேரம் கேட்பதுமில்லை. “நீ வரவேண்டாம் தம்பி, நாங்கள் பாக்கிறம்” என்றே சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுகின்றனர்.