பெரிய தோட்டா போட்டால் பன்றி தீருமா?

திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகைப் பக்கம் வேர்க்கடலை போட்டவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு காட்டுப்பன்றியில் வந்து நிற்கும். கூட்டத்தில் துப்பாக்கி தெரிந்தவர் ஒருவர் இருந்துவிட்டால் தீர்வும் கையோடு வந்துவிடும். "பன்னெண்டு போர், .315 எல்லாம் பன்றிக்குப் பத்தாது. ஆண்டர்சன் துரை வைத்திருந்த மாதிரி பெரிய போர் லீவர் ஆக்‌ஷன், மேலே நல்ல ஸ்கோப். லைசென்ஸ் கொடுத்துப் பாருங்கள், ஒரே போகத்தில் பன்றி காலி." படித்தவர்களும் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள். விசைக்குக் கீழே உள்ள லீவரை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளின் அழகில் எனக்கும் மயக்கம் உண்டு. ஆனாலும் இந்த வாதத்தில் தேறுவது கொஞ்சம்தான்.

முதலில் ஆண்டர்சனையே எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளுக்குத் தூக்கிப்போனது .405 வின்செஸ்டர். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1895 மாடல். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனதும் இதே ரகம்தான். அதன் குண்டு 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். நம் ஊரில் பழித்துப் பேசப்படும் .315 குண்டின் எடை 244 கிரெய்ன், கிட்டத்தட்ட 16 கிராம். இந்த மூன்று, நான்கு கிராம் வித்தியாசத்தையா பன்றி எடை போட்டுப் பார்த்துவிட்டுச் சாகப்போகிறது?

பன்றி விழுவதும் விழாததும் குண்டு எங்கே படுகிறது என்பதில் இருக்கிறது. அதன் இதயம் முன்னங்காலை ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோளில் கெட்டித் தோல் கவசம்போல் படிந்திருக்கும். வேர்க்கடலைக் கொல்லையில் அது தலையைக் குத்திக் கிளறும்போது இரவில் நமக்குத் தெரிவது முதுகுமேடு மட்டும். முதுகை உரசிப் போன .405ஐவிட நெஞ்சில் இறங்கிய சின்னக் குண்டு மேல். ஜிம் கார்பெட் பல வேட்டைகளுக்கு .275 ரிக்பியைத்தான் எடுத்துப் போனார். பெல் என்ற ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் அதே .275இல் யானைகளையே வீழ்த்தினார். அவர்களைப் பார்த்து நாமும் சின்னக் குண்டோடு கிளம்பலாம் என்று சொல்லவில்லை; அவர்களுக்கு மிருகத்தின் உடற்கூறு மனப்பாடம்.

அடுத்த வாதம்தான் ஆபத்தானது. கனமான குண்டு மெதுவாகப் போகும், சீக்கிரம் தரையில் விழுந்துவிடும், ஆகவே ஊர்ப்பக்கம் சுடுவதற்கு அதுதான் பத்திரம் என்கிறார்கள். முதல் பாதி சரி. பழைய .45-70 தோட்டாவின் 405 கிரெய்ன் குண்டை 100 கஜத்துக்கு நேர்ப்படுத்தி வைத்தால், 200 கஜத்தில் அது கிட்டத்தட்ட 2 அடி தாழ்ந்து போகும். அதற்காக அங்கேயே விழுந்துவிடாது. 1879இல் அமெரிக்க ராணுவம் சாண்டி ஹூக் கடற்கரையில் .45 காலிபர் ரைஃபிள்களைச் சோதித்தது. குழலை உயர்த்திச் சுட்டதில் 500 கிரெய்ன் குண்டுகள் 3,500 கஜம் வரை போயின. அது 3 கிலோமீட்டருக்கும் அதிகம்.

தேர்வாய் கண்டிகையின் தரையைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆண்டர்சன் சுற்றியது மலைக்காடு. தப்பிய குண்டு ஏதாவதொரு சரிவில் புதையும். இங்கே மேய்க்கால் நிலம் சிப்காட் ஆகிவிட்டது. மிஷலின் டயர் ஆலை நிற்கிறது. 2020 நவம்பரில் திறந்த கண்ணன்கோட்டை நீர்த்தேக்கத்தின் கரையை விட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. இராத்திரி ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிறவன் எந்தப் புதருக்குப் பின்னால் வருகிறான் என்று யாருக்குத் தெரியும்? உயரமான பரண் கட்டி, குண்டு தரையில் இறங்கும் கோணத்தில் சுடுவது ஓரளவு பாதுகாப்பு. ஸ்கோப் வைத்து வரப்பில் படுத்துச் சுட நினைப்பவர் அந்தக் கோணத்தையும் இழக்கிறார். தவிர, படுத்துக்கொண்டு லீவரை இறக்கினால் அது மண்ணில் இடிக்கும்.

சரி, ஸ்கோப்புக்கு வருவோம். வின்செஸ்டர் 1895இல் காலித் தோட்டா மேல்பக்கமாக எகிறும். ஸ்கோப்பை நடுவில் பூட்டினால் தோட்டா அதில் மோதும். பக்கவாட்டிலோ, குழலின்மேல் முன்தள்ளியோதான் பூட்ட வேண்டும். இரண்டுமே கன்னத்தைக் கட்டையில் பதிப்பதற்கு இடைஞ்சல். மார்லினின் .45-70இல் அந்தத் தொல்லை இல்லை, காலித் தோட்டா பக்கவாட்டில் போகிறது. அதன் பெயரும் 1895தான். வாங்குகிறவரைக் குழப்பவென்றே இரண்டு கம்பெனியும் ஒரே எண்ணைப் பிடித்தார்கள் போலும். மார்லினுக்குக் கீழே குழாய் மேகஸின். ஒரு குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் முட்டி நிற்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால் உதையின் அதிர்ச்சியில் உள்ளேயே வெடிக்கக்கூடும். அதனால் தட்டைமூக்கு, அதனாலேயே காற்றில் வேகமும் சீக்கிரம் குறையும்.

"ஒன்பது மடங்கு பெரிதாக்கும், பன்றியின் கண்ணே தெரியும்" என்று கடைக்காரர் சொல்லலாம், பகலில். 40 மில்லிமீட்டர் கண்ணாடியை 9 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் நாலரை மில்லிமீட்டர்கூட இராது. நாலு மடங்கில் 10. இருட்டில் விரிந்த கருவிழிக்கு 6, 7 மில்லிமீட்டர் வேண்டும். அதாவது இராத்திரியில் மடங்கைக் கூட்டக் கூட்டப் படம் மங்கும். போதாக்குறைக்கு, இந்தத் துப்பாக்கியின் உதைக்கு ஸ்கோப்பின் பின்வளையம் கண்ணிலிருந்து மூன்று, நான்கு அங்குலம் தள்ளி இல்லாவிட்டால் புருவம் கிழியும். ஆண்டர்சன் பரணில் உட்கார்ந்தபோது செய்தது சுலபமானது: துப்பாக்கியோடு ஒரு டார்ச்சைப் பொருத்தினார். அமெரிக்காவில் சட்டப்படி வேட்டைக்குப் போகும் நம்மவர் கேட்டால் சொல்வேன்: பெரிய போருக்கு 1–4 மடங்கு ஸ்கோப், தாழ்வான பூட்டு, 150 கஜத்துக்குள் வேட்டை.

லீவரில் இரண்டாம் வெடி சீக்கிரம் வரும் என்பது மட்டும் உண்மை. ஆனால் முதல் வெடியில் கலைந்து ஓடும் கூட்டத்தின்மேல் இருட்டில் இரண்டாவதை விடுகிறவன் பக்கத்தில் நான் நிற்கமாட்டேன்.

கடைசியாக, "அரசாங்கமே சுட அனுமதி கொடுத்தாச்சு" என்ற பேச்சு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வாங்கும் உரிமம் துப்பாக்கி வைத்திருக்கத்தான். பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கேரளம் 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ளவர்களை வைத்துச் சுட வழி செய்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் அறிவித்தது வேறு: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3ஐத் தாண்டினால்தான் சுடலாம், அதையும் பயிற்சி பெற்ற வனத்துறையினர் செய்வார்கள். கொல்லைக்காரர் கையில் எந்தப் போர் இருக்கிறது என்ற கேள்வியே அதில் எழவில்லை. தாத்தா காலத்து .405 பீரோவில் இருந்தாலும், அதற்குத் தோட்டா செய்யும் ஆலை இந்தியாவில் இல்லை.