கடற்கரையில் ஒண்டுக் குடித்தனம்

வீட்டுக்காரர் வீட்டை இடித்துவிட்டால் ஒண்டுக் குடித்தனக்காரர் எங்கே போவார்? பட்டணத்து நேயர்களுக்கு இந்தக் கஷ்டத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதே கஷ்டம் சமுத்திரக் கரையிலும் உண்டென்று சென்ற வாரம் வகுப்பில் சொன்னபோது, பிள்ளைகள் நகைத்தார்கள்.

தென் அமெரிக்காவில், பசிபிக் மகாசமுத்திரத்தின் ஓரமாக நீண்டு கிடக்கும் சிலி தேசத்துச் சங்கதி இது. நீர் வற்றும் வேளையில் கரையோர ஜனங்கள் பாறைகளில் இறங்கி, 'லோக்கோ' என்னும் பெருநத்தையையும், உச்சியில் துவாரமுள்ள கூம்புச் சிப்பியையும் பெயர்த்தெடுத்து, உண்பதும் விற்பதும் அங்கே வழக்கம். 1982-ஆம் வருஷக் கடைசியில், லாஸ் குருசெஸ் என்ற ஊரில் கத்தோலிக்க ஸர்வகலாசாலையார் ஒரு சிறு கரைப் பகுதியை ஆராய்ச்சிக்காக அடைத்துக் காவல் வைத்தார்கள். சில வருஷங்களில் நத்தையும் சிப்பியும் அங்கே பெருகின; நத்தைக்கு இரையான மட்டிகளோ குறைந்தன. மனிதன் கையை எடுத்ததும் பாறையின் தோற்றமே மாறிவிட்டது.

இது கண்ணுக்குத் தெரிந்த மாறுதல். பிராணிகளுக்குள்ளே குடியிருக்கும் ஒட்டுண்ணிகளின் கதி என்ன? அந்நாட்டுக் கடல் முள்ளெலியின் குடலுக்குள் ஒரு சிறு நண்டு குடித்தனம் நடத்துகிறது. ஒரு தட்டைப்புழுவோ மூன்று வீடு மாறுகிறது. மட்டியில் பிறந்து, கூம்புச் சிப்பியின் வித்துப்பையில் காத்திருந்து, அச்சிப்பியைத் தின்னும் ஒட்டுமீனின் குடலில்தான் அது பிராயமடைகிறது. மூன்றில் ஒரு வீடு அழிந்தாலும் அதன் வம்சம் அற்றுப்போகும்.

செல்ஸி உட் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் சிலியில் காவலுள்ள கரைகளையும் காவலற்ற கரைகளையும் ஒப்பிட்டு, 2013-ல் தம் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வகை மீன், ஒரு கூம்புச் சிப்பி, முள்ளெலி ஆகிய நான்கையும் அறுத்துப் பார்த்தார்கள். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை ஒட்டுண்ணி என்று கணக்கிட்டபோது, அநேகமாக எல்லா இனங்களும் காவலுள்ள கரையில் வெகுவாக மிகுந்திருந்தன. ஒரு பிராணிக்கு எத்தனை என்று பார்த்தாலோ, மீனின் செவுளில் வாழும் ஒரே ஓர் இனம்தான் மிகுந்து காணப்பட்டது.

இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. பத்து வீடுகளில் வீட்டுக்கொரு குடித்தனம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். எட்டு வீடுகளை இடித்தால் குடித்தனம் இரண்டாகக் குறையும்; மிஞ்சிய வீட்டில் எட்டிப் பார்ப்பவனுக்கோ எல்லாம் முன்போலவே தோன்றும். நஷ்டம் கண்ணுக்குப் படாமற் போவது இப்படித்தான்.

"புழு ஒழிந்தால் நல்லதுதானே, ஸார்?" என்றான் ஒரு பையன். நாமும் வெகு காலம் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஒட்டுண்ணியைத் திருடன் என்றே பாடம் சொல்லியும் வந்தோம். ஆனால் கலிபோர்னியாவின் உப்பங்கழிகளில், மூளையில் புழு குடியேறிய சிறு மீன் நீர்மட்டத்துக்கு வந்து துடித்துப் புரளுகிறது. அத்தகைய மீனே பறவைகளுக்குப் பன்மடங்கு எளிதில் இரையாகிறதென்று 1996-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. நாம் திருடன் என்றது அங்கே பறவைக்குப் படியளந்து கொண்டிருக்கிறது! புழுவை ஒழித்தால் எவர் வயிறு காயும் என்று விசாரிக்காமல் 'நல்லது' என்று சொல்லலாமா?

ஏழையின் கூடையைப் பிடுங்கவேண்டும் என்பதல்ல நம் கட்சி. லோக்கோ அருகிவிட்டதென்று 1989-ல் சிலி சர்க்கார் அதைப் பிடிப்பதைச் சில வருஷம் அடியோடு நிறுத்தினார்கள். பின்னர் 1991-ஆம் வருஷச் சட்டம், கரையைப் பகுதி பகுதியாகச் செம்படவர் சங்கங்களிடமே ஒப்படைக்க வழி செய்தது. எடுக்கிறவனே காவற்காரனும் ஆனான். இவ்வளவு எடுக்கலாம், இவ்வளவு விட்டுவைக்கவேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள் வீடுகளை மட்டும் எண்ணினால் போதாது, உள்ளே இருக்கும் குடித்தனங்களையும் எண்ணவேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.

அந்தப் பையனுக்கும் இதையே சொன்னோம். அவன் இம்முறை நகைக்கவில்லை.