அந்த டேப்பில் இருந்தது என் அப்பா

என் அப்பாவை அழித்தது யார் என்று எனக்குத் தெரியவேண்டும். பெயர் தெரிந்து வழக்குப் போடப்போவதில்லை. அதற்குக் காசும் இல்லை, தெம்பும் இல்லை. ஆனால் ஏதோ ஒரு நாள், யாரோ ஒருவர், அலமாரியிலிருந்து ஒரு டேப்பை உருவி எடுத்து, அதன் முதுகில் ஒட்டியிருந்த தலைப்பைப் படித்து, இது இனிமேல் எதற்கு என்று தானே முடிவு செய்து, மெஷினில் செருகி, அதன் மேலேயே வேறு ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு நொடியாவது தயங்கினாரா? பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாரா? இதில் நடித்தவர்கள் யார், உயிரோடு இருக்கிறார்களா, அவர்களுக்குப் பிள்ளை குட்டி உண்டா என்று ஒரு வார்த்தை?

அப்பா பெரிய நடிகர் இல்லை. பகலில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா, சாயங்காலம் சபா நாடகம். அன்றைய மெட்ராஸ் நாடகக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஏ.ஜி. ஆபீசிலும் பாங்கிலும் எல்.ஐ.சி.யிலும் ஐந்தரை வரை ஃபைல் பார்த்துவிட்டு, ஆறரைக்கு மேக்கப் போட்டவர்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியபோது அதற்கு நாடகம் கொடுத்து, அதைச் சிரிக்கவைத்தவர்கள் இவர்கள். மேடையிலிருந்த கிரேசி மோகனும் எஸ்.வி. சேகரும் காத்தாடி ராமமூர்த்தியும் நம் கூடத்துக்கே வந்தார்கள். ‘வண்ணக் கோலங்கள்’ என்று சொன்னால் அந்தத் தலைமுறைக்கு இன்றும் முகம் மலரும். அவர்களோடு கூடவே, பெயர் தெரியாத எத்தனையோ பேர் வந்தார்கள். தபால்காரர், மாமனார், பக்கத்து வீட்டுக்காரர், கடன்காரர். அந்தக் கூட்டத்தில் ஒருவர் என் அப்பா.

1993இல் தனியார் தமிழ்ச் சேனல்கள் வரத் தொடங்கியதும் அப்பாவுக்கு ஒரு சிரிப்புத் தொடர் கிடைத்தது. வாரம் ஒரு நாள், அரை மணி நேரம். ஹவுஸ் ஓனர் வேடம். ஒன்றாம் தேதி காலையில் கையில் டார்ச் லைட்டோடு மாடிப்படி ஏறுவார். ஆள் வருவதற்கு முன்னால் அவர் கனைப்பு வரும். அந்தக் கனைப்புக்கே தெருவில் வீட்டுக்கு வீடு சிரிப்பு கேட்கும். நான் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, எதிர்வீட்டுச் சிரிப்பையும் பக்கத்து வீட்டுச் சிரிப்பையும் காதாரக் கேட்டிருக்கிறேன். நிஜத்தில் நாங்கள் ஒண்டுக் குடித்தனம். வாடகையை ஏற்றிக்கொண்டே போன ஒரு மனிதருக்குப் பயந்து பயந்து வாழ்ந்தவர் அப்பா. அந்த மனிதரைத்தான் அவர் நடித்துக் காட்டினார் என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். பஸ்ஸில் கண்டக்டர், “ஹவுஸ் ஓனர் சார், உள்ள வாங்க” என்பார். அப்பாவுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது.

வந்த சம்பளம் ஆட்டோவுக்கும் சட்டை சலவைக்கும் சரியாகப் போனது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. “டேப்ல இருக்கும்மா. மேடையில நடிச்சது அன்னிக்கே காத்தோட போயிடும். இது நிக்கும்” என்பார்.

நின்றதா?

பிறகு மெகா தொடர்கள் வந்தன. ‘சித்தி’ 1999இன் கடைசியில் வந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும். வாரம் ஒரு முறை வந்து, பதின்மூன்று வாரத்தில் ஒரு கதையை முடித்துக்கொண்டு போன சிரிப்புத் தொடர்களுக்கு இடம் குறைந்தது. ஒரே ஸ்பான்சர், ஒரே நேரம், தினமும் காத்திருக்கும் கூட்டம் என்றால் விளம்பரக் கணக்கு சுலபம். சிரிப்புக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. எனக்கு அழுகைத் தொடர்கள் மேல் கோபம் இல்லை. அவற்றில் நடித்தவர்களும் என் அப்பாவைப் போல உழைத்தவர்கள்தான். ஆனால் “ஜனங்க இதைத்தான் கேக்கறாங்க” என்கிறார்களே, எந்த ஜனம்? எங்கள் தெருவில் வந்து யார் கேட்டார்கள்? ஒரு வாரம் அறிவிப்பில்லாமல் அப்பாவின் தொடர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நடித்தவருக்கே அப்படித்தான் தெரிந்தது. சட்டையைத் தேய்த்து ஹேங்கரில் மாட்டிவிட்டு ஷூட்டிங் போனுக்காகக் காத்திருந்தவருக்கு, ‘நிறுத்திட்டோம்’ என்று சொல்ல ஒரு ஆளுக்கும் மனசு வரவில்லை.

சரி, நிறுத்தினார்கள். நிறுத்துவது அவர்கள் உரிமை. அழிப்பதுமா?

சில வருஷங்களுக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சும் போனது. வசனத்தில் வாழ்ந்த மனிதர். ஒரு வார்த்தைக்கு வாய் கோணி, கண்ணில் நீர் முட்டி, கடைசியில் கையை உதறிவிடுவார். அவர் பேசியதை அவருக்கே போட்டுக் காட்டவேண்டும், அந்தக் கனைப்பை அவர் கேட்கவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. எங்கள் வீட்டில் வி.சி.ஆர். கிடையாது, குமாஸ்தா சம்பளத்தில் வாங்க முடிந்ததில்லை. அதனால் அந்தச் சேனலுக்குப் போனேன். வாட்ச்மேன், ரிசப்ஷன், மாடி, மறுபடி ரிசப்ஷன். கடைசியில் டேப் லைப்ரரியில் இருந்த ஒருவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “மேடம், அதெல்லாம் அப்பவே எரேஸ் பண்ணி ரீயூஸ் பண்ணிட்டாங்க. பீட்டா டேப் அப்ப என்ன விலைன்னு தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. டேப்பின் விலை எனக்குத் தெரியாதுதான். அதில் இருந்த மனிதரின் விலை உங்களுக்குத் தெரியுமா?

தயாரிப்பாளரிடம் ஒரு பிரதி இருக்கலாம் என்றார்கள். அவர் காலமாகிவிட்டார். மகனைத் தேடிப் பிடித்தேன். ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்து அறை ஒன்றில் டேப்புகள் அடுக்கியிருந்தனவாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு உள்ளே வந்துவிட்டது. சேறோடு சேறாக அள்ளி மாநகராட்சி லாரியில் போட்டார்களாம். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வீட்டுப் பண்டம் பாத்திரமே போயிருந்தது. ஆனால் வெள்ளம் வருவதற்கு முன்னால் இருபது வருஷம் அவை அங்கே கிடந்தனவே, சென்னையின் ஈரக்காற்றில், பூஞ்சை பூத்துக்கொண்டு? உரிமை தயாரிப்பாளருடையது என்று சேனல் சொன்னது. சேனலுடையது என்று தயாரிப்பாளர் வீட்டார் நினைத்திருந்தார்கள். ஒளிபரப்பு நேரத்தை விற்றவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். இரண்டு பேருக்கும் நடுவில் அனாதையாகக் கிடந்தது என் அப்பாவின் உழைப்பு.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் கடைசியில் தூர்தர்ஷன் ‘ராமாயண்’ தொடரைத் தூசி தட்டி எடுத்துப் போட்டது. ‘தேக் பாய் தேக்’ என்ற இந்திச் சிரிப்புத் தொடர் மறுபடி வந்தது. இங்கே ‘மெட்டி ஒலி’ மறுபடி வந்தது, ஊரே உட்கார்ந்து பார்த்தது. படுக்கையில் இருந்த அப்பாவும் பார்த்தார். பழைய தொடர் ஒன்று வரப்போகிறது என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் நல்ல கையால் டி.வி.யைக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, என் முகத்தைப் பார்ப்பார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? “வரும்ப்பா, உன்னுதும் போடுவாங்க” என்பேன். அழித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டே சொல்வேன். சாகும்வரை அந்த மனிதரிடம் என்னைப் பொய் சொல்ல வைத்தவர்கள் யார்? அதற்குக் கணக்கு யாரிடம் கேட்பது?

இந்த நாட்டில் ஒரு புத்தகம் அச்சானால், 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி அதன் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகவேண்டும். யாரும் வாங்காத புத்தகமாக இருந்தாலும் அங்கே அதற்கு ஒரு இடம் உண்டு. சினிமாவுக்கு 1964 முதல் புனேயில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கேயும் இழந்தவை ஏராளம், ஆனாலும் காப்பாற்றவேண்டும் என்று ஒரு நினைப்பாவது இருக்கிறது. தனியார் சேனல்களில் வந்த தொடர்களை வாங்கி வைக்க எந்தக் காப்பகம் இருக்கிறது? கோடிக்கணக்கான பேர் சேர்ந்து சிரித்த ஒன்றை ஒரு பிரதி எடுத்து வை என்று ஏன் எந்தச் சட்டமும் சொல்லவில்லை? 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நடித்ததை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் நடித்தவருக்கு ராயல்டி உண்டு என்று எழுதினார்கள். நடிப்பவரின் உரிமை ஐம்பது வருஷம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அழித்த டேப்புக்கு எந்த ஐம்பது வருஷம்? ராயல்டி வேண்டாம் ஐயா. பார்க்கக் கொடுங்கள்.

அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும், எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்பார்கள். ஆமாம், பி.பி.சி.யும் அழித்தது. ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற சிரிப்புத் தொடரில் 1969இல் ஒளிபரப்பான சில பாகங்கள் அப்படித்தான் போயின. ஆனால் பிறகு அவர்களுக்கு உறைத்தது. யாரிடமாவது இருக்கிறதா என்று ஊரைக் கூட்டிக் கேட்டார்கள். 2001இல் இரண்டு பாகங்கள் திரும்பக் கிடைத்தன. கிடைக்காமலே போன மூன்றை, பழைய வசனப் பிரதியை வைத்துப் புது நடிகர்களைக்கொண்டு 2019இல் அங்கே வேறொரு சேனல் மறுபடி படமாக்கியது. மூன்று பாகத்துக்கு அந்தத் தவிப்பு! அதற்கும் முன்னால், 1951லேயே அமெரிக்காவில் லூசில் பாலும் தேசி அர்னாஸும் ‘ஐ லவ் லூசி’யை ஃபிலிமில்தான் எடுப்போம் என்று பிடிவாதமாக நின்றார்கள். செலவு அதிகம் என்று சொன்ன சேனலிடம், எங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள், உரிமையை எங்களுக்குக் கொடு என்றார்கள். எழுபது வருஷம் தாண்டியும் அவர்கள் முகம் பளிச்சென்று இருக்கிறது. அப்படி நின்று கேட்க என் அப்பாவுக்கு எது பலம்? பேட்டாவுக்குக் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்றுகூட அவர் படித்ததில்லை, படிக்க யாரும் கொடுத்ததும் இல்லை.

இங்கேயும் மனசு வைத்தவர்கள் இருக்கிறார்கள். கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரித்த ‘ரமணி வெர்சஸ் ரமணி’ என்ற சிரிப்புத் தொடரை இன்று யூடியூபில் போட்டுப் பார்க்கலாம். பத்திரமாக வைத்திருந்தார்கள், வெளியே விட்டார்கள். அப்போது பிறந்தேயிராத பிள்ளைகள் இன்று அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அப்படியென்றால் முடியாத காரியம் இல்லையே? பார்க்க ஆள் இல்லாமலும் போகவில்லையே? இருபத்துநாலு மணி நேரமும் சிரிப்புக்கென்றே சேனல்கள் வந்தன. அவற்றிலும் பெரும்பாலும் சினிமாக் காமெடிதான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. கவுண்டமணியும் வடிவேலுவும் எனக்கும் உயிர். ஆனால் டி.வி.க்காகவே எழுதி, டி.வி.க்காகவே நடித்து, டி.வி.யையே வளர்த்தவர்களுக்கு அந்த இருபத்துநாலு மணியில் ஒரு அரை மணி கிடையாதா?

‘லொள்ளு சபா’ சேஷு 2024 மார்ச்சில் மறைந்தார். அன்று என் கைப்பேசியில் வந்ததெல்லாம் அவர் நடித்த காட்சிகள்தான். அழுதுகொண்டே சிரித்தேன். நல்ல கலைஞனுக்கு அப்படித்தான் விடைகொடுக்கவேண்டும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் அப்பா போயிருந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள், “அந்த சீரியல்ல சார் ஒரு கனைப்பு கனைப்பாரே, இருந்தா போடேம்மா, ஒரு தடவை கேக்கறோம்” என்றார்கள். என்னிடம் என்ன இருந்தது? பென்ஷனுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தது. அதைத்தான் பெரிதாக்கி மாலை போட்டேன். என் பேத்தி, “கொள்ளுத் தாத்தா நெஜமாவே டி.வி.ல வந்தாரா?” என்று கேட்கிறாள். நான் கதை விடுவதாக நினைக்கிறாள் குழந்தை. எதைக் காட்டி நிரூபிப்பேன்?

இது எனக்கு மட்டும் வந்த சாவு இல்லை. அப்பாவோடு நடித்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் ஒருவர், மகள் வீட்டு மொட்டை மாடி அறையில் ஒருவர். போய்ப் பார்த்தேன். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “நம்ம டேப் கெடச்சுதாம்மா?” அவர்களிடமும் நான் பொய் சொல்லவேண்டுமா?

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வி.எச்.எஸ். கேசட் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பாருங்கள். கல்யாண கேசட்டின் கடைசியில் மிச்சமிருந்த இடத்தில் டி.வி. நிகழ்ச்சி பதிந்துவைத்த வீடுகள் உண்டு. எந்தத் தொடராக இருந்தாலும் சரி, அதில் யாருடைய அப்பாவோ அம்மாவோ இருப்பார்கள்.

சேனல்காரர்களே, உங்களிடம் மிச்சம் இருப்பது என்னென்ன என்று ஒரு பட்டியல் போட்டு வெளியிடுங்கள். பழசைத்தான் டேப்புக்கு விலை அதிகம் என்று அழித்தீர்கள். இப்போது சர்வரில் இடம் இல்லை என்று எதை அழித்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஒளிபரப்ப மனசில்லை என்றால் ஒளிபரப்ப வேண்டாம். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் வைத்துக்கொள்ள வேண்டாம். அழிப்பதற்கு முன்னால் நடித்தவர் வீட்டுக்கு ஒரு போன் பண்ணுங்கள். நாங்களே வண்டி வைத்து வந்து எடுத்துக்கொண்டு போகிறோம்.