நிமிர்த்துவதா, நீவுவதா?

மயிர் என்று எழுதினால் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுளிக்கட்டும். கூந்தல் என்றதும் விளம்பரப் படத்து நேர்மயிர்தானே கண்முன்னால வந்து நிக்குது! காய்ந்த சுருட்டையைப் 'பரட்டை' என்று வைவதோடு நம்மூரில் பேச்சு முடிந்துவிடுகிறது.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு இது வெறும் வசவுச்சொல் விவகாரமாக இருந்ததில்லை. 1786இல் ஸ்பானிய ஆட்சியிலிருந்த லூசியானாவில், அடிமைத்தளையில் இல்லாத கறுப்புப் பெண்களும் தலையைத் துணியால் மூடவேண்டும் என்று ஆளுநர் மிரோ உத்தரவு போட்டார். அவர்களோ வண்ணத்துணி கட்டி, மூடச்சொன்னதையே அலங்காரமாக்கினார்கள். பிறகு சுடவைத்த இரும்புச் சீப்பு வந்தது. சோடியம் ஹைட்ராக்சைடு களிம்பு வந்தது. சாக்கடை அடைப்பெடுக்க ஊற்றுகிற அதே காரம். மயிருக்குள்ளிருக்கும் கந்தகப் பிணைப்பை முறித்து நிமிர்த்தும், தலைத்தோலையும் பொசுக்கும். நிமிர்த்தும் மருந்துகளை அடிக்கடி பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் இரு மடங்குக்கு மேல் காணப்பட்டதாக 2022இல் அந்நாட்டு அரசின் ஆய்வே சொன்னது. வேலை வேணும்னா நேராக்கிட்டு வா என்றவன் ஆஸ்பத்திரிச் செலவா தரப்போறான்? சுருட்டையோடு வருகிறவரை வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக்கூடாதென்று கலிபோர்னியா சட்டம் போட 2019 ஆனது.

நிமிர்த்துவது வேறு, நீவிவிடுவது வேறு. 'டீப் கண்டிஷனிங்' இரண்டாவது வகை. தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேர்மயிரில் வழுக்கி இறங்கிவிடும்; சுருளில் வளைவுக்கு வளைவு தடைப்பட்டு நுனிக்குப் போய்ச்சேராது. அதனால்தான் நுனி காய்ந்து, செதில் தூக்கி, ஒன்றோடொன்று சிக்குகிறது. பழுதான மயிரில் எதிர்மின்னூட்டம் இருக்கும், களிம்பில் நேர்மின்னூட்டப் பொருள்கள் இருக்கும்; போய் ஒட்டிக்கொள்ளும். சுருள் அப்படியே இருக்கும், சிக்கல்தான் விடும்.

முயன்று பார்க்கிற தோழியர் கவனிக்க: அலசின ஈரத்தலையில், நடுவிலிருந்து நுனிவரை பூசி, வெந்நீரில் பிழிந்த துண்டைச் சுற்றி அரைமணி நேரம் விடவேண்டும். களிம்பு இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்து அலசவேண்டும். வேரிலிருந்து இழுத்தால் அறுந்துதான் போகும்.

'சேதத்தைச் சரிசெய்யும்' என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். மயிர் செத்த பொருள், தானாக ஆறாது; பூச்சு சில அலசலில் போய்விடும், திரும்பப் போடணும். விலை கூடின டப்பாதான் வேணும்னும் இல்லை. தேங்காயெண்ணெய் மயிருக்குள் இறங்கி, புரதம் கழுவிப்போவதைக் குறைக்கிறது என்று 2003இல் இந்திய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தலை முழுகுவதற்கு முந்தி தேய்த்து ஊறவிடலாம்.