கணக்குப்பிள்ளை இல்லாத கணக்கு

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. சுரைக்காய்க்கு அது பொருந்தலாம், நிலத்துக்குப் பொருந்தாது! வயலில் நீங்கள் மூன்று தலைமுறையாக உழுது வந்தாலும் சரி, ஏட்டில் உங்கள் பெயர் இல்லை என்றால் அந்த வயலைக் காட்டி ஒரு மூட்டை உரம்கூடக் கடனாக வாங்க முடியாது.

அந்த ஏடு இப்போது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. நல்ல காரியந்தான். ஆனால், உள்ளே போன ஏட்டுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியைத்தான் இன்று வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நெல்லை டவுணில், ரத வீதிக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு சேவை மையத்தில் என் சொந்த வேலையாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் ஆச்சி. மடியில் மஞ்சள் பை. பைக்குள் துணியில் சுற்றிய பழைய பத்திரம். மகளோடு டவுணில் குடியிருக்கிறார். தாமிரபரணிப் பாசனத்தில் சொந்த ஊரில் கொஞ்சம் நஞ்சை. பிசானச் சாகுபடிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்க வேண்டும். அதற்குச் சிட்டா நகல் வேண்டும்.

மையத்துப் பெண் பத்திரத்தைப் பார்த்தாள். "திருநெல்வேலி ஜில்லா" என்று இருந்தது. கம்ப்யூட்டரில் திருநெல்வேலியைத் தட்டினாள். தேடித் தேடிப் பார்த்தாள்.

"ஆச்சி, ஒங்க ஊரு இதுல வரமாட்டேங்கு."

"அது எங்க தாயி போவும்? ஆத்தங்கரையில அங்கனதானே கெடக்கு!"

மையத்தில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆச்சி சொன்னது முழுக்க நியாயம். ஊர் நகரவில்லை, ஜில்லாதான் நகர்ந்தது. 1986 அக்டோபர் 20-ம் தேதி திருநெல்வேலியைப் பிரித்துத் தூத்துக்குடி மாவட்டம் அமைத்தார்கள். 2019 நவம்பர் 22-ம் தேதி தென்காசி மாவட்டம் பிரிந்தது. ஆனால் பெட்டியில் உள்ள பத்திரங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?

அந்தப் பெண் கெட்டிக்காரி. தூத்துக்குடியைத் தட்டி ஊரைப் பிடித்துவிட்டாள். சர்வே எண்ணும் வந்தது. ஆனால் அதில் ஆச்சியின் வீட்டுக்காரர் பெயர் இல்லை. அடுத்த வயல்காரர் பெயர் இருந்தது!

"இத நாங்க திருத்த முடியாது ஆச்சி. ஆபீஸ்லதான் கேக்கணும்."

"கேட்டாச்சு தாயி. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்குன்னு சொல்லுதாவ."

ஆச்சி பத்திரத்தை மறுபடி துணியில் சுற்றினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கணக்குப்பிள்ளையின் காலம்

தாமிரபரணிக் கரையில் கோடைமேலழகியான் அணை தொடங்கி ஸ்ரீவைகுண்டம் அணை வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் கால்வாய் பாயும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளை இருந்தார். கர்ணம் என்றும் சொல்வார்கள். அடங்கலும் சிட்டாவும் அவர் கையில். எந்த வயலில் என்ன பயிர், எந்த வரப்பில் யாருக்கு என்ன தகராறு என்று அவருக்குத் தெரியாமல் இராது. "இத்தனை மரக்கால் விதைப்பாடு" என்று நீங்கள் சொன்னால் அது இத்தனை செண்ட் என்று அவர் சொல்லிவிடுவார்.

அவரை நான் தெய்வமாக்கவில்லை. பல ஊர்களில் அவர் குட்டி ராஜாவாக இருந்தார் என்பதும் உண்மை. பதவி பரம்பரையாக வந்தது. ஏடு அவர் வீட்டுப் பரணில் இருந்தது. ஏழை எளியவர்கள் அவர் திண்ணைக்குக் கீழே கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. அதனால்தான் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவியை ஒழித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1982-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. கிராம நிர்வாக அதிகாரிகள் வந்தார்கள்.

அது சரியான காரியமே. ஆனால் அதே காலத்தில் இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. நில உடைமைப் பதிவுகளை நடப்புக்குக் கொண்டுவரும் திட்டம் அது. யூ.டி.ஆர். என்று ஜனங்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. இன்றைய பட்டாக்களுக்கெல்லாம் அஸ்திவாரம் அதுதான். வயலையும் வரப்பையும் தலைகீழாக அறிந்தவர் வீட்டுக்குப் போன சமயத்தில், புதிய ஏடு எழுதப்பட்டது! பெயர் மாறியது, உட்பிரிவு மாறியது, அடுத்த வயல் பெயர் இந்த வயலுக்கு வந்தது என்று இன்றுவரை மனுக்கள் வந்துகொண்டிருப்பதில் ஆச்சரியம் என்ன?

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அது விசுவாசமான குமாஸ்தா. கொடுத்ததை அப்படியே எழுதிக்கொண்டது. சரியையும் எழுதியது, பிழையையும் எழுதியது. கையெழுத்துப் பிழையை ஜனங்கள் சந்தேகப்படுவார்கள். அச்சுப் பிழையைச் சந்தேகப்படமாட்டார்கள். அதுதான் ஆபத்து.

ஐந்து கைகள்

இன்று வீட்டில் இருந்தபடியே பட்டாவையும் சிட்டாவையும் இலவசமாகப் பார்க்கலாம். நகர நில அளவைப் பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று எல்லாம் திரையில் வருகின்றன. பத்து வருஷத்துக்கு முன்பு இதற்காக எத்தனை நடை! இதைச் செய்து முடித்தவர்களை மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அந்த ஒரு காகிதத்துக்குப் பின்னால் எத்தனை கைகள்! பதிவேடு வருவாய்த் துறையின் கையில். அளவு நில அளவைத் துறையின் கையில். பத்திரம் பதிவுத் துறையின் கையில். கம்ப்யூட்டர் ஏற்பாடு தேசிய தகவலியல் மையத்தின் கையில். நகல் எடுத்துத் தரும் சேவை மையம் வேறொருவர் கையில். பத்திரம் ஏக்கர், செண்ட் என்று பேசுகிறது; பட்டா ஹெக்டேர், ஏர் என்று பேசுகிறது. ஒரு ஏர் என்றால் சுமார் இரண்டரை செண்ட் என்று ஆச்சிக்கு யார் சொல்வது?

ஒவ்வொரு கையும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஆனால் பட்டா என்ற முழுப் பொருளுக்கு யார் சொந்தக்காரர்? பலபேர் கூடினால் பாம்பு சாகாது என்ற கதைதான்!

சோப்பு சொல்லும் பாடம்

அமெரிக்காவில் பிராக்டர் அண்டு காம்பிள் என்ற சோப்புக் கம்பெனி இருக்கிறது. 1931-ல் அங்கே நீல் மெக்கெல்ராய் என்ற வாலிபர் காமே சோப்பின் விளம்பர வேலையைப் பார்த்து வந்தார். அந்தச் சோப்புக்கு அதே கம்பெனியின் ஐவரி சோப்பே பெரும் போட்டி! சொல்லி அழ ஆளில்லை. அவர் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு சோப்புக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். அது எந்த ஊரில் விற்கிறது, எங்கே விற்கவில்லை, ஏன் விற்கவில்லை என்று அவர் நேரில் போய் அறிய வேண்டும். குறை இருந்தால் அவரே பரிகாரம் தேட வேண்டும். சுருக்கமாக இதுதான் அவர் யோசனை.

இன்று கம்பெனிகளில் "பிராடக்ட் மானேஜர்" என்று சொல்லும் உத்தியோகத்துக்கு விதை அந்தக் குறிப்புதான். அதை எழுதியவரே 1957-ல் அமெரிக்காவின் ராணுவ மந்திரியானார்!

சோப்புக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு. நம் நிலத்தின் கணக்குக்கு வேண்டாமா? இங்கிலாந்து சர்க்கார் 2011-ல் டிஜிட்டல் சேவைக்கென்று தனி அமைப்பு வைத்தபோது இந்த உத்தியோகத்தைச் சர்க்கார் இலாகாக்களுக்குள்ளும் கொண்டுவந்தது. "உபயோகிப்பவரின் தேவையை முதலில் அறிந்துகொள்" என்பதே அங்கே அவருக்கு முதல் பாடம்.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்து ராஜ்யமான கர்நாடகத்தைப் பாருங்கள். 2001-ம் வருஷத்தை ஒட்டி "பூமி" என்ற திட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. சுமார் இரண்டு கோடி நிலப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பொறுப்பேற்று நடத்தியவர் ராஜீவ் சாவ்லா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. பதிவை ஏற்றியதோடு விடாமல், அச்செடுத்து, கிராமக் கணக்கர்களிடம் கொடுத்துச் சரிபார்க்கச் செய்தார்கள். முதலில் வந்த மனுவை ஒதுக்கிவிட்டு அடுத்த மனுவை எடுக்க முடியாதபடி கம்ப்யூட்டரிலேயே கட்டுப்பாடு வைத்தார்கள். குமாஸ்தா என்ன தட்டுகிறார் என்று விவசாயி பார்ப்பதற்காக அவர் பக்கம் திரும்பிய இன்னொரு திரையும் வைத்தார்கள்! அப்போது நகல் ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய் வாங்கினார்கள்.

"பூமி"யிலும் குறை உண்டு. பெங்களூரைச் சுற்றி நிலம் வாங்கும் பெரும் புள்ளிகளுக்கே அது அதிகம் உதவிற்று என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னதும் உண்டு. ஆனாலும் அந்த இரண்டாவது திரையை எண்ணிப் பாருங்கள். அது மிஷின் செய்த யோசனையல்ல. கவுண்டருக்கு வெளியே நிற்பவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்த மனிதர் செய்த யோசனை.

"மறுபடியும் கர்ணமா?"

"செயலாளர் இருக்கிறார், கலெக்டர் இருக்கிறார், தாசில்தார் இருக்கிறார். இன்னொருவர் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஆயிரம் வேலை. வெள்ளமும் அவர்களே, தேர்தலும் அவர்களே. ஒரு வேலையைப் புரிந்துகொள்ளும் முன் மாற்றல் உத்தரவு வந்துவிடுகிறது.

"கர்ணத்தை ஒழித்துவிட்டு மறுபடியும் ஒரு கர்ணத்தை வைப்பதா?" என்றும் கேட்கலாம். இது நல்ல கேள்வி. பழைய கணக்குப்பிள்ளையிடம் இரண்டு குணங்கள் இருந்தன. கணக்குக்கு அவர் ஒருவரே பொறுப்பு, அது நல்லது. கணக்கு அவர் ஒருவர் கண்ணுக்கே தெரியும், அது கெட்டது. இன்று கம்ப்யூட்டர் கெட்டதைப் போக்கிவிட்டது. ஏடு உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. ஆனால் அதோடு நல்லதையும் தொலைத்துவிட்டோம். அதைத்தான் திரும்பக் கேட்கிறேன்.

என் யோசனை இதுதான். நிலப் பதிவுச் சேவை முழுமைக்கும் ஒரே ஓர் அதிகாரி வேண்டும். ஐந்து வருஷமாவது அவரை மாற்றக்கூடாது. அந்த ஐந்து கைகளையும் ஒரு மேஜையில் உட்கார வைக்கும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். மாதம் ஒரு நாளாவது ஏதாவது ஓர் ஊர்ச் சேவை மையத்தில், திரைக்கு இந்தப் பக்கம், ஆச்சிமார்களோடு அவர் உட்கார வேண்டும். ஒரு தடவை உட்கார்ந்தாலே போதும். பழைய ஜில்லா பெயரைத் தட்டினாலும் ஊர் வரும்படியும், ஹெக்டேருக்குப் பக்கத்தில் செண்டையும் காட்டும்படியும் மறுவாரமே உத்தரவு போட்டுவிடுவார்!

இன்னொன்று. இத்தனை லட்சம் பட்டா வழங்கினோம் என்ற கணக்கு மட்டும் போதாது. எத்தனை பிழை மனுக்கள் வந்தன, எத்தனை தீர்ந்தன, தீராத மனுவுக்கு வயது என்ன என்ற கணக்கை மாதந்தோறும் ஜனங்கள் பார்க்கும்படி போட வேண்டும். பட்டாவின் அடியில், பிழை இருந்தால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் பதில் வரும் என்று அச்சிட வேண்டும்.

கடைசியாக, கம்ப்யூட்டருக்கும் ஒரு ஜமாபந்தி வேண்டும்! பசலி தோறும் கிராமக் கணக்குகளை மேலதிகாரி முன் விரித்துத் தணிக்கை செய்யும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. அதே ஜமாபந்தியில், ஊருக்கு ஊர் பட்டாதாரர் பட்டியலை அச்சிட்டுச் சாவடியில் ஒட்டட்டும். உரக்கப் படிக்கட்டும். "அது என் வயல் இல்லை, அவருடையது" என்று அடுத்த வயல்காரரே சொல்லிவிடுவார். நம் ஜனங்களில் பெரும்பாலோர் நியாயஸ்தர்கள். ஒவ்வொருவராக மனு எழுதி அலைவதைவிட, ஊர்ப் பிழையை ஊர் கூடித் திருத்துவது எவ்வளவு சுலபம்!

மானூர்க் கல்

நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில் மானூர் இருக்கிறது. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே உண்டு. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முந்தியது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம் என்று அது விதி சொல்கிறது. அதோடு, சபையில் எந்தக் காரியத்துக்கும் "அன்று, அன்று" என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஐந்து காசு அபராதம் என்றும் சொல்கிறது!

பொறுப்பில் இருக்கிறவன் வெறுமனே "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்பதை நம் ஊர்க்காரர்கள் அன்றே கல்லில் வெட்டி வைத்தார்கள். இன்று "கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லி அனுப்புகிறோமே, அதற்கு என்ன அபராதம்?

அந்த ஆச்சி பிசானத்துக்குக் கடன் வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு படி இறங்கும்போது அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்டார்:

"இத ஆருகிட்ட தாயி சொல்லணும்?"

அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று சர்க்கார் முதலில் சொல்லட்டும்!