எக்கியார்குப்பம் கேட்கும் கணக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் மரக்காணம் உப்பளங்களின் வெண்குவியல்களைக் கண்டு வியப்பர். அருகே கடலோரத்தில் எக்கியார்குப்பம் என்னும் மீனவர் சிற்றூர் இருப்பதை 2023 மே மாதம் வரை நம்மில் பலர் அறிந்திலோம். அம்மாதம் 13ஆம் நாள் அங்கு விற்கப்பட்ட நச்சுச் சாராயத்தை அருந்தியோர் அடுத்தடுத்து மாண்டனர். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதே நஞ்சு உயிர் குடித்தது. இரு இடங்களிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

“குடித்தான், செத்தான், இதில் என்ன நீதி?” என்று நம்மவர் பேசவும் கேட்டோம். குடிப்பது தவறா என்பது வேறு வினா. நஞ்சை விற்றவனையும் கண்டும் காணாதிருந்தவனையும் நாடு என்ன செய்தது என்பதே நம் வினா.

அது குடிசையில் காய்ச்சிய சாராயம் அன்று. ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறையே அறிவித்தது. மெத்தனாலுக்கு உரிமம் உண்டு, இருப்புக் கணக்கு உண்டு, ஏற்றிவர வாகனம் வேண்டும். புதுச்சேரியிலிருந்து வரும் ஒரு மதுப்புட்டியைக்கூடத் தேடிப் பிடிக்கும் சோதனைச் சாவடிகள் உள்ள பகுதி இது! சாவு விழுந்த சில நாட்களிலேயே சென்னை வரை தடம்பற்றிச் சென்று ஆலை உரிமையாளரைக் கைது செய்ய முடிந்தது. அந்தத் திறமை அதற்கு முன் எங்கே உறங்கிற்று?

குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. காவல் அதிகாரிகள் பணியிடை நீக்கம் பெற்றனர். பதின்மூன்று மாதங்கள் கழிந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மீண்டும் மெத்தனால். அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். மீண்டும் 10 லட்சம், மீண்டும் பணியிடை நீக்கம். அம்மாத இறுதியில் சட்டப்பேரவை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் சிறையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் என்றது. (உயிருக்கு இட்ட விலையும் அபராதமும் ஒன்றாகவே அமைந்தது தற்செயல்தானோ!) நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கள்ளக்குறிச்சி வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. மாநிலக் காவல்துறையின் விசாரணை போதும் என்று நீதிமன்றம் கருதவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தண்டனையின் கடுமைக்கு நஞ்சு விற்பவன் அஞ்சுவதில்லை; பிடிபடுவோம் என்ற உறுதிக்கே அஞ்சுவான். அந்த உறுதியை அளிக்க இயலாத அரசு, சட்டப் புத்தகத்தைத் தடிமனாக்குகிறது. அல்லது 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தை எடுக்கிறது. கள்ளச்சாராயக்காரரைப் பெயரிலேயே முதலில் சுட்டும் அச்சட்டம், விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்க இடந்தருகிறது. ஓராண்டு கழிந்தால் அவர் வெளியே, மெய்ப்பிக்கப்பட்டது ஒன்றுமில்லை. இந்தியச் சிறைகளில் 2022இல் இருந்தோரில் நான்கில் மூவர் தீர்ப்புப் பெறாதோரே. அடைத்தலை நீதி என்று எண்ணப் பழகிவிட்டோம்.

வழக்கு நிற்பது சாட்சியால். இங்கு சாட்சி யார்? விற்றவனின் தெருவிலேயே நாளையும் வாழவேண்டிய விதவை; உப்பு வாரும் கூலிப்பெண். வாய்தா தோறும் ஒரு நாள் கூலி போகும். மழைக்காலத்திலோ உப்பளத்தில் வேலையே இராது. மிரட்டலும் வரும், சமரசப் பணமும் வரும். ஆண்டுகள் கழித்துக் கூண்டிலேறி அவள் “எனக்கு நினைவில்லை” என்றால் குற்றம் அவளுடையதா?

இறந்தோருக்குப் பூசை ஒப்புக்கொடுப்பதில் நாம் குறை வைப்பதில்லை. நம் பங்குகளின் வின்சென்ட் தே பவுல் சபையினர், இத்தகைய குடும்பம் ஒன்றுடன் வாய்தா நாளில் பேருந்தேறி நீதிமன்றம் வரை செல்வார்களா? அன்றைய கூலியை யார் தருவது என்பதை அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் எவரேனும் எழுப்பட்டும்.